புளித்த மாவும் புரியாத பேச்சும்

முப்பது வருஷமாக வாயைத் திறக்காத மனிதர் இப்போது மூன்று மாதமாக வாயை மூடவில்லை. கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். கூடவே இருந்து கேட்கிற ரொட்டிக்காரம்மாவுக்கு அப்படி இல்லை.

அவள் புருஷன் அந்தத் தெருவுக்கு ரொட்டி சுடுகிறவர். கல்யாணமான நாளிலிருந்தே பேச்சில் படு சிக்கனம். மாவு மூட்டை வந்து இறங்கினால் ஒரு தலையாட்டல். அடுப்பு காய்ந்துவிட்டால் ஒரு ‘ம்’. ஒரே மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, பையன் எப்படி என்று அவள் நாலு தடவை கேட்ட பிறகு “தேவலாம்” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மகளைக் கட்டிக்கொடுத்தாள். “கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?” என்று அவள் கேட்காத வாரம் கிடையாது. அதற்கும் பதில் வராது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், பிசைந்த மாவைத் தொட்டியிலிருந்து பலகைக்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். கை கால் தப்பித்தது. வலது கைப் பிடி கொஞ்சம் தளர்ந்ததோடு சரி. பேச்சில்தான் வந்து உட்கார்ந்துகொண்டது.

“அவருக்குப் பேச்சு வரும்மா” என்று டாக்டர் சொன்னார். “ஆனா வர்ற வார்த்தை வேற. அவர் காதுக்கு அது சரியாத்தான் கேக்கும். நாம சொல்றதும் அவருக்கு அரைகுறையாத்தான் போய்ச் சேரும். முகத்தைப் பார்த்து, கையைப் பார்த்துப் புரிஞ்சுப்பார். நீங்க பொறுமையா இருக்கணும்.”

“பொறுமைக்கு என்ன டாக்டர், எனக்கு அது பழகிப்போச்சு” என்றாள் அவள். பேசாத மனிதரிடம் காட்டுகிற பொறுமை வேறு, பேசித் தீர்க்கிற மனிதரிடம் காட்டுகிற பொறுமை வேறு என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

விடிந்ததும் ஆரம்பித்துவிடுவார். “கரிச்சலை எடு. அந்த நாற்காலி நேத்திக்கே தொப்பி. மூணு மாடியும் கொந்து, கொந்துன்னா கொந்து!” இழுப்பு, அழுத்தம், அதட்டல் எல்லாம் கச்சிதம். பக்கத்து அறையிலிருந்து கேட்டால் யாரோ முதலாளி ஆட்களை வேலை வாங்குகிறார் என்றுதான் தோன்றும். கிட்டே வந்து கேட்டால்தான் தலை சுற்றும்.

அடுப்பு பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒரு வாரம் தாக்குப்பிடித்தான். “திட்டறது என்னன்னு புரிஞ்சாலாவது பொறுத்துக்கலாம்மா. புரியாம எப்படித் திட்டு வாங்கறது?” என்று கேட்டுவிட்டு வேறு கடையில் சேர்ந்துகொண்டான். அன்றிலிருந்து பிசைவதும் அவளே, சுடுவதும் அவளே, முன்னால் நின்று விற்பதும் அவளே.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது நர்ஸ் ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தாள். “மறுத்துப் பேசாதீங்க. ஆமா ஆமான்னு தலையாட்டிட்டுப் போங்க. இல்லேன்னா ரத்த அழுத்தம் ஏறிடும்.” அந்த ஒரு யோசனையைத் தெருவே பிடித்துக்கொண்டது. பால்காரர் தலையாட்டினார். தபால்காரர் தலையாட்டினார். ரொட்டி வாங்க வந்தவர்கள் எல்லாம் அவர் சொல்வதை நின்று கேட்டு, அழகாகத் தலையாட்டிவிட்டு, ரொட்டியோடு போனார்கள். ரொட்டிக்காரம்மாவும் ஆட்டினாள். சாயங்காலமானால் அவளுக்குக் கழுத்து வலித்தது.

அவர் பக்கம் யோசித்துப் பாருங்கள். ஒரு வேலையைச் சொல்கிறார். சரி என்று எல்லோரும் தலையாட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் ஒருத்தரும் ஒன்றும் செய்திருப்பதில்லை. மறுபடி சொல்கிறார். மறுபடி தலையாட்டுகிறார்கள். ஊருக்கே திமிர் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். அதனால் குரல் ஏறிக்கொண்டே போனது.

இந்த லட்சணத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தார்.

நாத்தனார் என்றால் அவருடைய அக்கா. நாலு தெரு தள்ளித் தனியாக இருக்கிறவர். புருஷன் போய்ப் பல காலம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. சபைதான் வீடு, ஜெபம்தான் தொழில். மாதர் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். வாசலில் குடையை மடக்கும்போதே “ஸ்தோத்திரம்” என்றார்.

“ஸ்தோத்திரம் அண்ணி. செருப்பை அங்கேயே விடுங்க, மாவு சிந்திக் கிடக்கு.”

நாத்தனார் பெஞ்சியில் உட்கார்ந்து தம்பியைப் பார்த்தார். தம்பி உப்பு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவரிடம் நீளமாக ஏதோ முறையிட்டார். நாத்தனாருக்குக் கண் மூடிக்கொண்டது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

“இதையா நீ வியாதிங்கறே?”

“நான் சொல்லலை அண்ணி. டாக்டர் சொல்றார்.”

“டாக்டருக்கு என்ன தெரியும்? இது அந்நிய பாஷை, பரிசுத்த ஆவி இறங்கினா வர்ற பேச்சு. நாங்க வருஷக்கணக்கா உபவாசம் இருந்து, காத்திருந்து, அழுது கேக்கற வரம். இவன் ஒரு நாள் முழங்கால் போட்டதில்லை, இவன் மேல இறங்கியிருக்கு. அதுவும் பெந்தெகொஸ்தே நாள் நெருங்கற சமயத்துல. சும்மாவா நடக்கும்?”

“அண்ணி, அவர் உப்பு டப்பாவைக் காட்டித் திட்டிட்டிருக்கார்.”

“உனக்கு உப்புதான் கண்ணுல படும்.” நாத்தனார் கையை உயர்த்தினார். “இரு, எனக்கு அர்த்தம் வருது. ‘உங்களுக்கு முன்பாக ஒரு வாசலைத் திறக்கிறேன்’னு ஆண்டவர் சொல்றார்.”

“கதவைச் சாத்தச் சொல்வாரா இருக்கும். காத்தடிச்சா மாவு மேல ஆடை கட்டும்.”

இரண்டு பேருமே ஊகம்தான் செய்தார்கள். அவர் மூன்றாவதாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவர் டப்பாவைப் பட்டென்று பலகையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நாத்தனாருக்கு ஒரு திட்டம் இருந்தது. பெந்தெகொஸ்தே ஞாயிற்றுக்கிழமை தம்பியை மேடையில் நிறுத்தி, எல்லோருக்கும் முன்னால் பேச வைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். மாடியில் ஜெப அறை காலியாகத்தான் இருக்கிறது. ஜனங்கள் தேடி வருவார்கள். அவன் பேசுவான். அர்த்தம் சொல்ல அக்கா இருக்கிறாள்.

“அவர் என்ன காட்சிப் பொருளா அண்ணி?”

“நீ மட்டும் என்ன பண்றே? வாயில்லாத மாட்டை ஓட்டற மாதிரி அங்க உக்காரு, இங்க நில்லுன்னு தள்ளிட்டிருக்கே.” சொல்லிவிட்டு நாத்தனார் கொஞ்சம் தணிந்தார். “இங்க பாரு. அம்மா போனப்புறம் அவனைத் தூக்கி வளர்த்தவ நான். சின்ன வயசுலேர்ந்து என்கிட்ட உக்காந்து ஒரு வார்த்தை பேசினவன் இல்லை. இப்ப என் முகத்தைப் பார்த்துப் பேசறான்மா. மூச்சு விடாமப் பேசறான். அது ஆண்டவர் இல்லேன்னா வேற யாரு?”

ரொட்டிக்காரம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து ஒரு தட்டு விழுந்து உருளுகிற சத்தமும், “கொந்து!” என்கிற கூப்பாடும் கேட்டன. அடுப்பில் பன் வேறு கருகுகிற வாசனை வந்தது.

“கூட்டிட்டுப் போங்க” என்றாள். “ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டுப் போங்க. நான் நிம்மதியாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு.”

சொன்னபோது நெஞ்சில் ஒரு பாரம் இறங்கினது நிஜம். பன்னை எடுத்துக் கருகினதைச் சுரண்டி முடிப்பதற்குள் அதே பாரம் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டதும் நிஜம். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். நாத்தனார் அதைச் சபை முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

அந்த வாரத்தின் நடுவில் போதகர் வந்தார். இளம் வயசு. ஒல்லியான உடம்பில் சட்டை கொடியில் காய்கிற மாதிரி தொங்கும். அவருடைய சபை இரும்புக்கடை மாடியில் இருக்கிற நீளமான ஹால்தான். அந்த வருஷம் பெந்தெகொஸ்தேக்குப் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. இரண்டு ரொட்டி வேண்டும் என்றார்.

“ரெண்டுதானா?”

“ரெண்டுதான். ஆனா பெருசா இருக்கணும். கடைசி பெஞ்சிக்கும் தெரியணும்.” இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அது ஒரு தலையணை அளவு.

“அவ்வளவு பெருசா நான் சுட்டதில்லையே பாஸ்டர்.”

“முயற்சி பண்ணுங்கம்மா. நம்ம ஜனங்களுக்குப் பெந்தெகொஸ்தேன்னா ஆவி, அக்கினி, பாஷை, அவ்வளவுதான் தெரியும். நாம ஆரம்பிச்ச நாள்னு நினைச்சிட்டிருக்காங்க. அந்தப் பேருக்கு ‘அம்பதாவது’ன்னுதான் அர்த்தம். அதுக்கு ரொம்ப முன்னாடியே யூதர்களுக்கு அது அறுப்புப் பண்டிகை. பஸ்காப் பண்டிகையை ஒட்டி முதல் கதிர்க்கட்டைக் கொண்டு வந்து குடுப்பாங்க. அங்கேர்ந்து ஏழு வாரம் எண்ணி, மறுநாள் புதுக் கோதுமையில ரெண்டு அப்பம் சுட்டு எடுத்துட்டுப் போவாங்க. ஆசாரியர் அதைக் கடவுள் முன்னாடி தூக்கி அசைப்பார். இந்தா, நீ குடுத்த விளைச்சல், நாங்க சுட்ட அப்பம்னு காட்டற மாதிரி.”

இதைக் கேட்டபடியே நாத்தனார் உள்ளே நுழைந்தார். யாரும் கூப்பிடவில்லை. “ஈஸ்ட் போடாமச் சுடச் சொல்லுங்க பாஸ்டர்” என்றார்.

“இல்லக்கா, போடணும்.”

“என்ன பேசறீங்க? புளிப்பு பாவத்துக்கு அடையாளம். பஸ்காவுக்கு முன்னாடி மூலை முடுக்கெல்லாம் தேடி எடுத்து வெளிய போட்டவங்களாச்சே அவங்க?”

“அது பஸ்காவுக்குக்கா. அடிமைத்தனத்துலேர்ந்து விடுபட்டு அவசரமாக் கிளம்பின ஜனம், மாவு புளிக்கிற வரைக்கும் காத்திருக்க முடியலை, அந்த நினைப்புக்கு. இது அறுப்பு முடிச்சு வீட்டுல நிம்மதியா உக்காந்த ஜனம். தினம் நீங்க சாப்பிடற ரொட்டி எதுவோ அதையே கொண்டு வாங்கங்கறதுதான் கட்டளை. புளிச்ச ரொட்டிதான். பின்னாடி நம்ம ஆளுங்க அந்த ரெண்டு அப்பத்துக்கும் ஒரு அர்த்தம் எடுத்தாங்க. ஒண்ணு யூதர், ஒண்ணு மத்தவங்க, ரெண்டு பேரையும் ஒண்ணாத் தூக்கிப் பிடிச்ச நாள்னு. ரெண்டுமே புளிச்சதுதான். எந்தப் பக்கமும் சுத்தமான ஆள் இல்லை.”

“எனக்கு அது ஒத்துக்கலை” என்றார் நாத்தனார்.

இந்தக் கலாட்டாவைக் கேட்டு ரொட்டிக்காரர் பின்கட்டிலிருந்து வந்தார். போதகரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, பிசைந்து மூடி வைத்திருந்த மாவைக் காட்டி, “இந்தக் குடையை யார் எழுதினது? பொந்தல் இல்லாம மாடி நிக்குமா? சொல்லுங்க” என்று கேட்டார். நல்ல கேள்வியாகத்தான் இருந்திருக்கும். போதகர் தலையாட்டினார்.

நாத்தனார் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் நின்றார். “வந்துடுச்சு. ‘என் பந்தியில் புளிப்பு வேண்டாம்’னு சொல்லிட்டார்.”

ரொட்டிக்காரம்மாவுக்கு அப்போதுதான் சர்ரென்று ஏறினது. “அண்ணி, ஈஸ்ட் இல்லாம அந்த அளவுக்குச் சுட்டா அது ரொட்டி இல்லை, கூரைக்குப் போடற ஓடு. ஆண்டவருக்கு ரொட்டியைப் பத்தித் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. பாஸ்டர், ஈஸ்ட் போட்டுத்தான் சுடுவேன். வேண்டாம்னா வேற கடை பார்த்துக்குங்க.”

“போடுங்கம்மா, போடுங்கம்மா” என்றார் போதகர்.

“இன்னொண்ணு. இவரை மேடையில ஏத்தப் போறீங்களா?”

போதகர் சட்டைப் பொத்தானைத் திருகினார். “அக்கா ரொம்ப ஆசைப்படறாங்க. சபையிலயும் எல்லாரும் எதிர்பார்க்கறாங்க. நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகலைம்மா.”

“அதானே பார்த்தேன்” என்றாள் அவள். தன்னையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டாள். முதலில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவளே அவள்தானே.

சனிக்கிழமை முழுக்க மழை. காற்றில் ஈரம் ஏறினால் மாவு சொன்ன பேச்சு கேட்காது. ஊற்றுகிற தண்ணீரைக் குறைத்தாள். ஆனாலும் கையை விட்டு இறங்கவில்லை, பசை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு கை மாவு தூவி, பலகையில் போட்டு அறைந்து, மடித்து, திருப்பி மறுபடி அறைந்தாள். தோள்பட்டை கழன்று விழும்போல இருந்தது. வழக்கமாக அந்த வேலை அவருடையது. இப்போது அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு அறைக்கும் ஒரு கருத்துச் சொன்னார்.

“தெரியுது, தெரியுது” என்று இவள் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் இரண்டு உருண்டையும் ஈரத்துணிக்கு அடியில் உப்பி நின்றன. நீளப் பலகையால் ஒவ்வொன்றாக அடுப்புக்குள் தள்ளினாள். கதவைச் சாத்திவிட்டு, மேலே போய் அவர் பையை எடுத்து வைத்தாள். நாலு சட்டை, சவரப் பெட்டி, மாத்திரை, பழைய கம்பளிச் சட்டை. கம்பளிச் சட்டையின் கையில் எப்போதோ ஒட்டின மாவு காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டு உட்கார நேரமில்லை, கீழே ரொட்டி இருந்தது.

இறங்கி வந்து திறந்து பார்த்தால் மேல்தோல் அருமையாகச் சிவந்திருந்தது. இன்னும் விட்டால் கருகிவிடும். இரண்டையும் வெளியே இழுத்தாள். அவ்வளவு பெரிய ரொட்டி அவள் கையிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. இத்தனை எரிச்சலுக்கு நடுவிலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ரொட்டிக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்து ஓடி வந்தார். “தபால்! தபாலைக் கொந்தாதே, இன்னும் நாலு மாடி இருக்கு!” என்று கத்தினார். பலகையை அவள் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தார்.

“ஆமாங்க. சரிங்க. நல்லாத்தான் வந்திருக்கு” என்று வேகமாகத் தலையாட்டிக்கொண்டே, அவரை மறுபடி ஸ்டூலுக்குத் தள்ளினாள். “ஆராதனைக்கு நேரமாச்சு. சட்டையை மாத்துங்க.”

அவர் மாற்றவில்லை. அவளே மாற்றிவிட்டாள். பொத்தான் போடுகிற வரைக்கும், தெருவில் நடக்கிற வரைக்கும், இரும்புக்கடைப் படியில் ஏறுகிற வரைக்கும் அவர் விடாமல் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அவள் ஒரு கையில் ரொட்டிக் கூடையும் மறு கையில் பையுமாக, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தாள்.

ஹால் நிறைந்திருந்தது. ஈரக் குடைகளின் வாடை. மேசையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு ரொட்டியையும் வைத்ததும் பெஞ்சிகளில் ஒரு சலசலப்பு ஓடினது. நாத்தனார் முன்வரிசையில் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பை அவர் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது.

போதகர் அன்றைக்கு நன்றாகத்தான் பேசினார். கதிர்க்கட்டையும் ஏழு வாரமும் சொன்னார். சீனாய் மலையில் தங்கள் முன்னோருக்குச் சட்டம் கிடைத்த நாளும் இதுதான் என்று யூதர்கள் நினைவு வைத்துக்கொண்டதைச் சொன்னார். “அந்தப் பண்டிகைக்காகத்தான் தேசம் தேசமா யூதர்கள் வந்து எருசலேமில் கூடியிருந்தாங்க. பெத்தவங்க வேதம் வாசிச்ச பாஷை ஒண்ணு, இவங்க பிறந்து வளர்ந்த ஊர்ப் பாஷை ஒண்ணு. அந்த நேரத்துலதான் மேலறையில காத்திருந்த சீஷர்கள் மேல ஆவி இறங்கினது. சீஷர்கள் பேசினாங்க. பேசினதுல என்ன ஆச்சரியம்? கேட்டவங்களுக்கு அவங்கவங்க ஊர்ப் பாஷையில புரிஞ்சுதே, அதுதான் ஆச்சரியம்.”

“ஆமென்” என்றது சபை.

போதகர் இரண்டு ரொட்டியையும் இரண்டு கையில் எடுத்து உயர்த்தினார். கனம் தாங்காமல் கை நடுங்கினது. அதுவே அசைவாட்டுகிற மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் ரொட்டிக்காரர் இருந்த இடத்தை விட்டு எழுந்து நேராக மேசைக்கு நடந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. “பேசு தம்பி, பேசு!” என்று நாத்தனார் பின்னாலேயே ஓடி வந்தார்.

பேசினார். ரொட்டியைக் காட்டினார், ஜன்னலைக் காட்டினார், வயிற்றைத் தொட்டுக் காட்டினார். “நாலு மாடி தபால்! உள்ள முழுக்கக் குடை! இதைக் குடுத்தா ஜனம் எழுதுமா?”

“அல்லேலூயா!” என்று பெஞ்சிகள் எழுந்தன. கைகள் உயர்ந்தன. “ஆமென், ஆமென்” என்று அத்தனை தலையும் ஆடினது. அவர் குரலை உயர்த்தினார். அவர்களும் உயர்த்தினார்கள். அவர் கையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினார். அவர்கள் இன்னும் உற்சாகமாகக் கைதட்டினார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகத்திலும் சந்தோஷம், எல்லாத் தலையிலும் ஆமாம் ஆமாம். ஒரு மனிதனைத் தனியாக்க இதைவிட வேறென்ன செய்ய வேண்டும்? அவர் கண் கடைசியில் இவளைத் தேடிப் பிடித்தது.

ரொட்டிக்காரம்மாவின் தலையும் பழக்கத்தில் ஆடப் போனது. பாதியில் நிறுத்தினாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு ஆட்ட முடியவில்லை. பெஞ்சியை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போய் அவர் முன்னால் நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள்.

“இல்லைங்க. எனக்கு ஒரு எழவும் புரியலை.”

சபை அப்படியே அடங்கினது. பரிசுத்த நாளில், அப்பத்துக்கு முன்னால், அந்த வார்த்தை. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார்.

“புரியலைங்க” என்றாள் மறுபடி. “அன்னைக்கும் புரியலை. நேத்தும் புரியலை. காலையில படிக்கட்டுல சொன்னீங்களே, அதுவும் புரியலை. சும்மா தலையாட்டினேன். இவங்களுக்கும் புரியலை. ஒருத்தருக்கும் புரியலை.” தலையை ஆட்டி ஆட்டி இல்லை இல்லை என்று காட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் அதன்பாட்டுக்கு வந்தது.

அவர் வாய் திறந்தபடி நின்றது. அவளையே பார்த்தார். மூன்று மாதத்தில் அவரை மறுத்த முதல் தலை அதுதான். நெற்றி சுருங்கினது. ஊருக்குத் திமிர் இல்லை, தன் பேச்சுத்தான் போய்ச் சேரவில்லை என்று அந்த முகத்தில் மெல்ல மெல்ல விளங்கினதை முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. சிலர் குனிந்துகொண்டார்கள்.

அவர் வாயை மூடினார். போதகர் கையிலிருந்து ஒரு ரொட்டியை வாங்கினார். அதைக் கவிழ்த்து, அடியில் விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டினார். பிறகு அதை அவள் காதோரம் கொண்டுவந்து மறுபடி தட்டினார்.

வெந்த ரொட்டி காலிப் பெட்டி மாதிரி சத்தம் கொடுக்கும். இது தலையணையைத் தட்டின மாதிரி இருந்தது.

“ஐயையோ” என்றாள் ரொட்டிக்காரம்மா. “உள்ள வேகலை.”

“ஆமென்” என்றார் கடைசி பெஞ்சியில் ஒருவர், பழக்கத்தில்.

போதகர் இன்னொரு ரொட்டியைத் தானே தட்டிப் பார்த்தார். அதுவும் அதே கதைதான். அவர் அதை மெதுவாகத் துணி மேல் வைத்தார். உடனே ஒரு பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

பாட்டுச் சத்தத்துக்குள் நாத்தனார் கிட்டே வந்தார். ரொட்டியின் அடியைத் தானும் ஒரு தரம் தட்டினார். முகம் ஒடுங்கிப் போயிருந்தது. “இத்தனை நாளா இதையா சொல்லிட்டிருந்தான்?”

“இன்னைக்கு இது அண்ணி. நேத்து என்ன சொன்னார், அதுக்கு முந்தின நாள் என்ன சொன்னார்னு யாருக்குத் தெரியும்? நாம பாட்டுக்குத் தலையாட்டிட்டுப் போயிட்டோம்.”

நாத்தனார் தம்பியின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். “என்கிட்டதான் பேசறான்னு நினைச்சேன்” என்றார் கடைசியில், யாரிடமும் இல்லாமல்.

“உங்ககிட்டயும்தான் பேசினார். புரியலைன்னு சொல்லுங்க, திரும்பச் சொல்வார்.” ரொட்டிக்காரம்மா குனிந்து பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். “அவர் வீட்டுக்கு வரட்டும். நீங்களும் வாங்க. அடுப்புல தணல் இருக்கும், இதை மறுபடி உள்ள தள்ளணும். நல்லா வராது. ஆனா பச்சை மாவை ஜனங்களுக்குக் குடுக்க முடியாது.”

மழை தூறலாகிவிட்டிருந்தது. ஆளுக்கொரு ரொட்டியாக அவளும் நாத்தனாரும் சுமந்தார்கள். குடை அவரிடம் இருந்தது, ஆனால் அவர் அதை அவர்கள் தலைக்கு மேலே பிடிக்காமல் எங்கெங்கோ பிடித்தார். தெரு முனை திரும்பினதும் மறுபடி ஆரம்பித்தார். எதையோ விளக்கிக்கொண்டே வந்தார். நீளமாக இருந்தது, நடுவில் ஒரு கேள்வி மாதிரியும் இருந்தது.

அவள் நின்று, அவர் முகத்துக்கு நேராகத் தலையை அசைத்தாள். “புரியலை.”

அவர் “ச்சே” என்று சலித்துக்கொண்டார். அது மட்டும் தெளிவாக வந்தது. ஈரத்தில் அப்படியே நின்று கொஞ்சம் யோசித்தார். பிறகு குடையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டு, அவளுக்காக முதலிலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.